மலைத்தண்ணீரை அடுப்பில் வைத்தவள்

போன வாரம் எங்கள் வேங்கிக்கால் வீட்டுக்கு ஆர்.ஓ. மெஷினைச் சரிபார்க்கிறவர் வந்திருந்தார். மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த ஃபில்டரை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். செம்மண் நிறத்தில் கொழகொழவென்று இருந்தது.

"பாத்தீங்களாம்மா, இதத்தான் இத்தினி நாளா குடிச்சினு இருந்திருக்கீங்க."

"அது புடிச்சு வெச்சதுதானப்பா இங்க இருக்குது? நான் எங்க குடிச்சேன்?" என்று கேட்டேன்.

மனிதர் சிரித்துவிட்டார். ஆனாலும் புது ஃபில்டரைப் போட்டுவிட்டுத்தான் போனார். அவர் பிழைப்பு அது.

நம் வயதுக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் முட்டி வலியும் சர்க்கரையும் பேசி முடித்த பிறகு தண்ணீருக்கு வந்துவிடுகிறோம். "அந்தக் காலத்துல தெருக்குழாய்ல கைய வெச்சுக் குடிச்சோம், இன்னா ஆச்சு நமக்கு?" என்று ஆளாளுக்கு மார்தட்டிக்கொள்கிறீர்கள். ஒன்றும் ஆகாதவர்கள்தானே இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்? ஆனவர்கள் எங்கே வந்து பேசுவார்கள்? எங்கள் வீட்டில் ஒருத்தி அந்தக் கணக்கில் போயிருக்க வேண்டியவள். என் அக்கா. அவள் போகாமல் இருந்ததற்கு ஒரு கார்த்திகை மாதத்தில் எங்கள் அண்ணி செய்த காரியம்தான் காரணம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அப்போது எங்கள் வீடு தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. தோட்டத்துப் பக்கம் போய் நின்றால் மலை முழுசாகத் தெரியும். அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஜவுளிக் கடையில் துணி எடுத்துப் போடும் வேலை அவருக்கு. காலையில் கடைக்குப் போவதற்கு முன்னால், விடிந்தும் விடியாமலும், கையில் ஒரு பித்தளைச் சொம்போடு மலையேறுவார். பாதி மலையில் பாறை இடுக்கில் ஒரு சுனை உண்டு. அதில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, சொம்பு நிறைய அந்தத் தண்ணீரைக் கொண்டுவருவார். மலைத்தண்ணி என்போம். அவர் சொம்பைக் கீழே வைக்கும்வரை வீட்டில் யாரும் வாயில் ஒன்றும் போடக் கூடாது. ஆளுக்கு ஒரு சொட்டு உள்ளங்கையில் ஊற்றுவார். கண்ணில் ஒற்றிக்கொண்டு குடிப்போம். சில்லென்று, லேசாகப் பாசி வாசனை அடிக்கும். அந்த வாசனையைத்தான் சாமி வாசனை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. தெருக்குழாயில் டீத்தண்ணீர் மாதிரி கலங்கலாக வந்தது. அக்காவுக்கு முதலில் காய்ச்சல், பிறகு வயிற்றுப்போக்கு. நான்கைந்து நாளில் நிற்கும், எழுந்து உட்காருவாள், கஞ்சி கேட்பாள், மறுபடி ஆரம்பித்துவிடும். என்னைவிட மூன்று வயது பெரியவள், என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள், பாயோடு பாயாக ஒட்டிக் கிடந்தாள். அவள் பாவாடை நாடாவை இறுக்கி இறுக்கிக் கட்டியும் நழுவிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பானவர். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, நைனாவைப் பார்த்து விரலை நீட்டிச் சொன்னார்.

"தண்ணியக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சுக் குடுங்க. நல்லா தளதளனு கொதிக்கணும். வேற எந்தத் தண்ணியும் இந்தப் பொண்ணு வாயில படக் கூடாது."

"சரிங்கம்மா," என்றார் நைனா.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் காய்ச்சும் வேலை அண்ணிக்கு வந்தது. கல்யாணமாகி அந்த வருஷம்தான் போளூரிலிருந்து வந்தவள். அண்ணன் பெங்களூரில் ஒரு அச்சாபீசில் இருந்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான். புருஷன் இல்லாத வீட்டில் புது மருமகள் என்றால் எந்த வேலை யாருக்கு வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணி அதை எப்படிச் செய்வாள் என்று இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். குழாய்த் தண்ணீரை நாலாக மடித்த பழைய வேட்டியில் வடிகட்டுவாள். ஒரு பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை வைத்துச் சரசரவென்று தேய்த்து, அதில் தண்ணீரை ஊற்றி மூடிவிடுவாள். சாயங்காலத்துக்குள் சேறெல்லாம் அடியில் படிந்து, மேலே கண்ணாடியாக நிற்கும். அதை அசங்காமல் தவலைக்கு மாற்றி அடுப்பில் ஏற்றுவாள். மழையில் நனைந்த விறகு எரியுமா? புகைதான் வரும். ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதி ஊதி, கண்ணெல்லாம் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும். புகையால்தான் அப்படி என்று நான் நினைத்தேன். புகை மட்டும் இல்லை என்று எனக்குக் கல்யாணமாகி ஒரு வீட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது.

கொதித்து ஆறிய தண்ணீரை அக்காவுக்கென்று வாங்கிய ஒரு புதுப் பானையில் ஊற்றி, தட்டு போட்டு மூடி, தட்டின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைப்பாள். அந்தப் பானையை வேறு யாரும் தொடக் கூடாது. எனக்கு அதில் குடிக்க ஆசையாக இருக்கும். புதுப் பானையின் மண்வாசனை அப்படி.

காலையில் நைனா மலையிலிருந்து வருவார். எங்கள் உள்ளங்கையில் ஆளுக்கொரு சொட்டு ஊற்றிய பிறகு, சொம்பில் மிச்சமிருப்பதை அக்காவின் பானையில் ஊற்றுவார்.

"காய்ச்சின தண்ணி செத்த தண்ணி. அதுல இன்னா சத்து இருக்கும்? இதக் கலந்தாத்தான் உசிரு வரும்," என்பார். சொல்லிவிட்டு மலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுவார். கண் கலங்கியிருக்கும்.

இப்போது கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். நானும் அடித்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அம்மா பார்த்தாள், அண்ணி பார்த்தாள், நான் பார்த்தேன். ஒளிவு மறைவே இல்லை. டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும், "காய்ச்சின தண்ணிதான குடுக்கறீங்க?" என்று கேட்பார். "ஆமாங்கம்மா, சத்தியமா," என்போம். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. மலைத்தண்ணீர் எங்களுக்குத் தண்ணீர்க் கணக்கிலேயே வராது. அது பிரசாதம். விபூதி மாதிரி, குங்குமம் மாதிரி. விபூதியை யாராவது காய்ச்சுவார்களா?

அக்கா தேறவில்லை. ஆகவே பழி போக வேண்டிய இடம் ஒன்றுதான் இருந்தது.

"வெறகு மிச்சம் புடிக்கறா," என்று அம்மா பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "ஆவி வந்ததும் எறக்கிடறா. யாரு பெத்த புள்ளயோதான? போளூர்ல இப்பிடித்தான் வளத்தாங்க போல."

"இல்ல அத்த. தளதளனுதான் கொதிச்சுது. நீங்களே வந்து பாருங்க," என்பாள் அண்ணி.

"எனக்கு வேற வேல இல்ல பாரு."

அம்மா கெட்டவள் இல்லை. பெற்ற பெண் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான். யாரையாவது திட்டாவிட்டால் அவளே உடைந்துபோயிருப்பாள். ஆனால் திட்டு வாங்குகிறவளுக்கு அந்த நியாயமெல்லாம் என்ன ஆறுதல் தரும்?

நடுவில் ஒரு நாள் நைனா சுனைக்குப் பக்கத்துப் பாறையில் வழுக்கி விழுந்தார். சொம்பில் ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. நைனாவின் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. பற்றுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். மலையேற முடியாத வருத்தத்தில் தோட்டத்தில் நாற்காலி போட்டு மலையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்.

அந்த நாட்களில்தான் அக்கா எழுந்தாள். வயிறு நின்றது. குழைந்த சோறு சாப்பிட்டாள், பிறகு இட்லி. ஒரு நாள் என் பின்னலைப் பிடித்து இழுத்து, "இன்னாடி ஈரும் பேனுமா திரியற," என்று அதட்டினாள். அவள் திட்டியதைக் கேட்டு அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாவிளக்கு வேண்டிக்கொண்டதுதான் பலித்தது என்றாள்.

நைனாவுக்குக் கால் வீக்கம் வற்றியது. கார்த்திகை தீபத்துக்குக் கொடியேறி ஊர் நிரம்பத் தொடங்கியிருந்தது. பெண் பிழைத்த சந்தோஷத்தில் நைனா இந்தத் தடவை சொம்போடு போகவில்லை. குடத்தையே எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி மலையேறினார். ஒரு குடம் மலைத்தண்ணீரைத் தோளில் சுமந்துவந்து, அக்காவின் பானையில் பாதிக்கு மேல் ஊற்றினார். "இனிமே உனக்கு ஒண்ணும் வராது கண்ணு," என்றார்.

மறுநாளே அக்கா படுத்துவிட்டாள். இந்தத் தடவை ரத்தமும் போனது. கண் உள்ளே போய், உதடு வெடித்து, கூப்பிட்டால் பதில் இல்லை. டாக்டரம்மா ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி அனுப்பினார். "இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுனா இங்க வராதீங்க. நேரா வேலூருக்குத் தூக்கினு ஓடுங்க. இந்த ஒடம்பு தாங்காது," என்றார்.

அம்மா அன்றைக்கே பெங்களூருக்கு ஆள் மூலமாகச் சொல்லியனுப்பினாள். தீபம் முடிந்ததும் அண்ணன் வந்து அண்ணியைப் போளூரில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று. 'விட்டுவிட்டு' என்றால் எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. அண்ணியும் கேட்கவில்லை.

தீபத்தன்று காலை. வாசலில் ஜனம் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்தது. "அரோகரா" சத்தம் விட்டு விட்டு வந்தது. அம்மா அக்காவுக்குத் தண்ணீர் மொள்ளப் பானைத் தட்டைத் திறந்தாள். ஒரு டம்ளர் மொண்டாள். பிறகு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"வாடி இங்க," என்றாள்.

அண்ணி ஓடி வந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். டம்ளருக்குள் நூல் மாதிரி ஒரு பூச்சி, மேலும் கீழுமாகச் சுருண்டு சுருண்டு நீந்திக்கொண்டிருந்தது.

"இதான் நீ காய்ச்சின லட்சணமா? கொதிச்ச தண்ணியில பூச்சி உசிரோட நீஞ்சுமா? எம் பொண்ணக் கொல்லப் பாத்தியேடி பாவி!"

அம்மா டம்ளரை வீசிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அண்ணி அழவில்லை. அவள் உருண்டு கிடந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியும். தான் கொதிக்க வைத்தது நிஜம். அம்மா சொன்னதும் நிஜம், கொதித்த தண்ணீரில் பூச்சி உயிரோடு இருக்காது. அப்படியானால் அது கொதிக்காத தண்ணீரோடு வந்திருக்க வேண்டும். அவள் பார்வை மெல்ல நகர்ந்து, சுவரோரம் இருந்த மலைத்தண்ணீர்க் குடத்தில் போய் நின்றது. அன்று காலையும் நைனா கொண்டுவந்து, அக்காவின் பானையில் கொஞ்சம் ஊற்றிவிட்டு வைத்த குடம். அதன் வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, குனிந்து, ரொம்ப நேரம் உள்ளே பார்த்தாள்.

பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள். தவலையில் ஊற்றினாள். அடுப்பில் ஏற்றி ஊதத் தொடங்கினாள்.

நைனா கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது தவலை ஓசைப்பட ஆரம்பித்திருந்தது. ஓரத்தில் காலியான குடம் கவிழ்ந்திருந்தது.

"இன்னாமா காயுது அடுப்புல?"

"மலைத்தண்ணி மாமா."

நைனா கோபக்காரர் இல்லை. ஆனால் அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"சாமியப் போயி அடுப்புல வெச்சிருக்கியா?"

"பாத்தீங்களா, பாத்தீங்களா இவ திமிர," என்று அம்மா நடுவில் வந்தாள். நைனா கையை உயர்த்தி நிறுத்தினார்.

அண்ணி எழுந்து நின்றாள். ஊதாங்குழலை விடவில்லை.

"தப்புனா என்ன அனுப்பிடுங்க மாமா, போயிடறேன். எப்பிடியும் அனுப்பத்தான் போறீங்க. ஆனா இது கொதிச்சப்புறம் போறேன்."

"எதுக்கும்மா இப்பிடிப் பண்ண? இது இன்னா குழாத்தண்ணியா?"

"மாமா, இன்னிக்கு சாயங்காலம் அந்த மலை உச்சியில நாமளேதான நெருப்பு வெக்கப் போறோம்? கொப்பரை நெறைய நெய்ய ஊத்தி? இந்த ஊரு சாமியே நெருப்புதானு நான் வந்த அன்னிக்கு நீங்கதான சொன்னீங்க? நெருப்பா நிக்கற சாமியோட தண்ணிக்கு நெருப்புனா ஆவாதா மாமா?"

பூச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள்தான் ஊற்றினீர்கள் என்று சொல்லவில்லை. இந்த வயதில் அதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அவளுக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. எதைச் சொன்னால் அந்த மனிதர் தாங்கமாட்டார் என்று தெரிந்து அதை மட்டும் விட்டுவிட்டாள்.

நைனா தவலையைப் பார்த்தார். தண்ணீர் அப்போதுதான் தளதளவென்று புரள ஆரம்பித்தது. ஓரமெல்லாம் பழுப்பாக நுரை கட்டியது. நுரையில் இலைத்துணுக்கும் பாசியும் என்னென்னவோ ஒதுங்கி நின்றன. அவர் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு அக்கா படுத்திருந்த பக்கம் பார்த்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் உச்சியில் தீபம் ஏறியபோது ஊரே கத்தியது. தோட்டத்தில் நானும் அம்மாவும் நின்று கும்பிட்டோம். நைனா வரவில்லை. அந்தக் கூட்டத்தில் எங்கே நின்று பார்த்தாரோ, பார்த்தாரோ இல்லையோ, தெரியாது. அண்ணி உள்ளே அக்காவின் தலையை மடியில் வைத்து, ஆறிய தண்ணீரை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நைனா வழக்கம்போல மலைக்குப் போய் வந்தார். நசுங்கிய சொம்பு நிறைய தண்ணீர். எங்களைக் கூப்பிட்டு உள்ளங்கையில் ஊற்றவில்லை. அக்காவின் பானைப் பக்கமும் போகவில்லை. நேரே சமையற்கட்டுக்குப் போய், சொம்பை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு, கைகட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அண்ணி அதைத் தவலையில் ஊற்றி, கொதித்து இறக்கும்வரை நின்றார்.

அக்கா கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். அடுத்த வாரம் அண்ணன் பெங்களூரிலிருந்து வந்து, பெட்டியைக் கட்டச் சொல்லலாமா வேண்டாமா என்று அம்மா முகத்தையும் நைனா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எங்கயும் போவ வேணாம்," என்றார் நைனா. "ஊட்ல தண்ணி காய வெக்க ஆள் வேணும்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வந்ததே இல்லை. அம்மா சாகும்வரை மாவிளக்குதான் அக்காவைக் காப்பாற்றியது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆமா அத்த, மாவிளக்குதான்," என்று அண்ணியும் ஒத்து ஊதுவாள். எனக்கு அப்போது பற்றிக்கொண்டு வரும். இப்போது சிரிப்பு வருகிறது.

அந்தத் தேத்தாங்கொட்டை டப்பா எங்கே போனதென்று தெரியவில்லை. தவலையைப் பழைய பாத்திரத்துக்குப் போட்டுவிட்டார்கள். சொம்பு மட்டும் அண்ணியிடம் இருக்கிறது.

நைனா வெகுகாலம் இருந்தார். கடைசியில் மலையேற முடியாமல் போனதும் அண்ணன் மகன் பைக்கில் போய், மேலே ஏறி, அந்தச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பான். கடைசி நாள் மத்தியானம் நாங்கள் எல்லோரும் கூடிவிட்டோம். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு வாய் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவாயிற்று. அண்ணன் மகன் மலைக்கு ஓடிப்போய் வந்தான். சொம்பு அப்படியே நேராகக் கட்டிலுக்கு வந்தது. அந்த நேரத்தில் யாருக்கு என்ன தோன்றும்?

வீட்டு மருமகள் என்று அண்ணியைத்தான் முதலில் ஊற்றச் சொன்னார்கள். அவள் ஸ்பூனில் எடுத்து, "மாமா, மலைத்தண்ணி," என்று குனிந்தாள்.

நைனா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தார். இரண்டு நாளாகப் பேசாத மனிதர்.

"காய்ச்சினியாமா?"

அண்ணி சொம்பைப் பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இல்ல மாமா. இப்பத்தான் வந்துச்சு."

"காய்ச்சி எடுத்துனு வா," என்றார். மூச்சு வாங்கினார். "நான் இருக்கேன்."

அண்ணி சொம்பை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினாள். கேஸ் அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஓசைப்பட்டு, பொங்கி, தளதளத்தது. பிறகு இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றும் சத்தம் வெகுநேரம் வந்தது. ஆற்றிக்கொண்டே அவள் அழுதாள். அன்றைக்கு அந்த வீட்டில் புகையே இல்லை.

நைனா இருந்தார். அவள் கொண்டுவந்ததும் வாயைத் திறந்தார். இரண்டு மடக்கு உள்ளே போனது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா அதை முந்தானையால் துடைத்தாள்.